காதல் கதையில் வராத தெரு

தருமபுரிக்குப் பழைய பெயர் தகடூர். அதியமான் ஆண்ட ஊர். தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியை அவன் ஒளவையாருக்குக் கொடுத்த கதை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

ஒளவையார் என்றதும் கோலூன்றிய பாட்டியின் உருவம்தான் எல்லோருக்கும் நினைவு வருகிறது. ஆத்திசூடி பாடிய ஒளவையார் வேறு. அதியமான் காலத்து ஒளவையார் வேறு. சங்க காலத்து ஒளவையார் காதலையும் பாடினார். குறுந்தொகையில் 28-வது பாட்டு அவர் பெயரில் இருக்கிறது. காதல் நோயால் தவிக்கும் பெண் ஒருத்தி, தன் துன்பம் தெரியாமல் ஊர் தூங்குகிறதே என்று அதில் கொதிக்கிறாள். அதைவிடச் சூடான காதல் பாட்டு வேறு மொழியில் இருந்தால், அது அந்த மொழியின் அதிர்ஷ்டம்.

பெற்றோர் சொல்லாமல் காதலனோடு போய்விடும் பெண்ணைப் பற்றியும் சங்கப் பாட்டுகள் உண்டு. அதற்கு 'உடன்போக்கு' என்று பெயர். தேடிப்போன செவிலித்தாயை வழியில் பார்த்தவர்கள் சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். யாரும் அரிவாள் எடுத்து வரவில்லை.

ஆகவே, காதல் கதை என்றாலே முகம் சுளிப்பது தமிழனின் பழைய வழக்கம் அல்ல.

நிறம் மாறிய காதல்

இப்போது கைபேசியிலேயே கதை படிக்கிறார்கள். வெள்ளைக்கார வாலிபன், கறுப்பினப் பெண். அல்லது தமிழ்நாட்டுப் பையன், அமெரிக்கப் பெண். இப்படி இனம் விட்டு இனம் காதலிக்கும் கதைகளுக்கு நல்ல கிராக்கி. கதையில் சூடு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். "பிள்ளைகள் கெட்டுப்போவார்களே" என்று பெற்றோர் பயப்படுகிறார்கள்.

பயப்பட வேண்டிய இடம் அது அல்ல. வளர்ந்தவர்கள் படிக்கும் கதையில் முத்தம் இருப்பது ஒரு குற்றமா? அந்தக் கதைகளின் குறை வேறு. கன்னம் என்ன நிறம், கை என்ன நிறம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அந்த இரண்டு பேருக்கும் வாடகைக்கு வீடு கொடுத்தவர் யார், கல்யாணத்துக்கு வராத மாமா யார் என்று எழுதுவது இல்லை. இன வேற்றுமை குழம்பில் போட்ட கறிவேப்பிலை ஆகிவிடுகிறது. வாசனைக்குப் போடுகிறார்கள், சாப்பிடும்போது ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் உண்மையில் நடந்தது என்ன? விர்ஜினியா மாநிலத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லவிங் வெள்ளையர். மில்ட்ரெட் கறுப்பினப் பெண். 1958-ம் ஆண்டு இருவரும் வாஷிங்டனுக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு ஊர் திரும்பினார்கள். ஒரு நாள் இரவு, படுக்கையறைக்குள்ளேயே போலீசார் நுழைந்து கைது செய்தார்கள். "25 ஆண்டு இந்த மாநிலத்தில் சேர்ந்து இருக்கக் கூடாது, வெளியேறினால் சிறை இல்லை" என்று நீதிபதி உத்தரவு போட்டார். 1967-ம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகளும் ஒரே குரலில், "இந்தத் தடைச் சட்டம் செல்லாது" என்று தீர்ப்பு சொன்னார்கள். அலபாமா மாநிலத்தின் அரசியல் சட்டப் புத்தகத்தில் இருந்து அந்தத் தடையை எடுக்க 2000-ம் ஆண்டு வரை ஆயிற்று. அதற்கும் ஓட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டி இருந்தது.

நம் ஊர்ச் சுவர்

இதைப் படித்து, "அடடா, இப்படியும் ஒரு நாடா!" என்று உச்சுக்கொட்டுவது சுலபம். நம் ஊரில் உள்ள சுவர் நிறச் சுவர் அல்ல, சாதிச் சுவர். அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதைத் தருமபுரி மாவட்டம் பார்த்தது.

2012-ம் ஆண்டு, நாயக்கன்கொட்டாய் பக்கத்தில் நத்தம் காலனியைச் சேர்ந்த இளவரசன் என்ற வாலிபர், வேறு சாதிப் பெண்ணைக் காதலித்து மணந்தார். அவர் ஆதிதிராவிடர், பெண் வன்னியர். பெண்ணின் தந்தை இறந்தார். நவம்பர் 7-ந் தேதி பெருங்கூட்டம் புறப்பட்டு வந்தது. நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் என்று மூன்று இடங்களில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, கொளுத்தப்பட்டன. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்துச் சேர்த்த பண்டம் பாத்திரம் எல்லாம் ஒரே மாலையில் போயிற்று. 2013-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி தருமபுரியில் ரெயில் தண்டவாளத்தின் ஓரத்தில் இளவரசனின் உடல் கிடந்தது.

காதலித்தவர்கள் இரண்டு பேர். வீடு இழந்தவர்கள் எத்தனை பேர்! அவர்களில் பலர் அந்தக் காதல் கதையில் ஒரு வரிகூட வராதவர்கள்.

கும்பிடும் கதைகள்

வேடிக்கை என்னவென்றால், சாதி விட்டுச் சாதி காதலித்தவர்களைத்தான் தமிழ்நாட்டுக் கிராமங்கள் சாமியாகக் கும்பிடுகின்றன. பொம்மியை மணந்த மதுரைவீரன் சாமி. ஆரியமாலாவைச் சிறையெடுத்துக் கழுமரம் ஏறிய காத்தவராயன் சாமி. செருப்புத் தைக்கும் வீட்டில் பிறந்த பொம்மக்கா, திம்மக்காவை மணந்த முத்துப்பட்டன் பிராமணன், அவனும் சாமி. விடிய விடிய கூத்து நடக்கும். தாய்மார்கள் கண்ணீர் விட்டுக் கேட்பார்கள். 1956-ம் ஆண்டு எம்.ஜி.ஆர். மதுரைவீரனாகவும், 1958-ம் ஆண்டு சிவாஜி காத்தவராயனாகவும் நடித்தார்கள். மக்கள் கொண்டாடினார்கள்.

மறுநாள் காலையில் அதே காதல் தன் வீட்டு வாசலில் வந்து நின்றால்? கூத்து வேறு, குடும்பம் வேறு என்று ஆகிவிடுகிறது. காதலர்கள் செத்த பிறகு கோயில் கட்டுவதில் யாருக்கும் சங்கடம் இல்லை. உயிரோடு வாடகைக்கு வீடு கேட்டு வந்தால்தான் சங்கடம்.

வார இதழ்க் கதைகளும் சினிமாவும் இந்த மனத்தை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தன. பணக்காரப் பெண் ஏழைப் பையனைக் காதலிப்பாள். அப்பா கோபிப்பார். கடைசியில் மாலை மாற்றுவார்கள். பணத்தைத் தாண்டிய காதலர்கள் ஆயிரம் பேர். அந்த ஏழைப் பையன் எந்தத் தெருவில் குடியிருந்தான் என்று பெரும்பாலான கதைகள் சொன்னது இல்லை. ஊர்த்தெருவா, சேரியா என்று எழுதிவிட்டால் சிக்கல் அல்லவா?

சோடாக் கடைக்காரன் கதை

சிலர் எழுதினார்கள். பெருமாள்முருகனின் 'பூக்குழி' நாவல் 2013-ம் ஆண்டு வெளிவந்தது. அதை இளவரசனின் நினைவுக்குக் காணிக்கை ஆக்கினார் ஆசிரியர்.

குமரேசன் சோடாக் கடையில் வேலை பார்க்கும் வாலிபன். நகரத்தில் சரோஜாவைக் காதலித்து, மணந்து, சொந்த ஊருக்கு அழைத்து வருகிறான். கதை அந்த இடத்தில்தான் சூடு பிடிக்கிறது. மாமியார் மாராயி திட்டுகிறாள், ஒப்பாரி வைக்கிறாள். ஊர்ப் பெண்கள் சரோஜாவின் நிறத்தைப் பார்த்து, "இவள் என்ன சாதி?" என்று துருவுகிறார்கள். பாறைமேல் உள்ள குடிசைதான் அவள் உலகம். கணவன் சைக்கிளில் திரும்பி வருகிறானா என்று பாதையைப் பார்த்துக்கொண்டே பொழுது போக்குகிறாள். இருவருக்கும் ஆசை இல்லாமல் இல்லை. அந்த ஆசையைச் சுற்றி ஊர் நெருங்கி நெருங்கி வருகிறது. சரோஜாவின் சாதி எது என்று கடைசி வரை ஆசிரியர் சொல்லவே இல்லை. படிக்கிறவர் தாமாக ஒன்றை நினைத்துக்கொள்கிறார். தாம் நினைத்தது எது என்று பார்த்தால், அவருக்கே தம் மனம் தெரிந்துவிடும்.

இந்த நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு, 2023-ம் ஆண்டு சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம் பெற்றது.

சட்டம் சொல்வது

சாதியோ மதமோ பாராமல் பதிவு செய்துகொள்ள 1954-ம் ஆண்டிலேயே தனித் திருமணச் சட்டம் வந்தது. லவிங் தம்பதிகள் வழக்கில் ஜெயித்த அதே 1967-ல், அண்ணா முதல்-அமைச்சராக இருந்தபோது, சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று இங்கே சட்டம் செய்தார்கள். கலப்பு மணம் செய்தவர்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் அரசு உதவித் திட்டமும் ஏற்பட்டது. "வயது வந்த இருவர் மனம் ஒத்து மணந்தால், அதற்குக் குடும்பத்தின் சம்மதமோ ஊர்ப் பஞ்சாயத்தின் சம்மதமோ தேவை இல்லை" என்று 2018-ம் ஆண்டு மார்ச் மாதம் நம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு கூறியது.

அந்தத் தீர்ப்பு வந்தபோது இளவரசன் இறந்து ஐந்து ஆண்டு ஆகப் போயிற்று. காகிதத்தில் வழி திறந்து கிடந்தது. தெருவில்தான் வழி இல்லை.

இந்தத் தெருவைப் பற்றிய கதையை மகளோ மகனோ வீட்டில் படித்துக்கொண்டு இருந்தால், பெற்றோர் அதைப் பிடுங்கி எறிய வேண்டியது இல்லை. படித்து முடித்ததும் வாங்கிப் படிக்கலாம். "சரோஜாவுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, வீட்டில் இதுவரை யாரும் பேசாத பல விஷயங்களைப் பேச வேண்டி வரும்.