மட்டம் எதிலிருந்து?

உருக்குக் கட்டடங்களைக் கணினித் திரையில் முப்பரிமாண மாதிரிகளாக எழுப்பும் மென்பொருள்கள் வந்தபின், வளையின் மட்டத்தைப் பற்றிக் கவலைகொள்ள வேண்டியதில்லை என்னும் எண்ணம் மாணவரிடையே வேரூன்றி வருகின்றது. உரிய கட்டத்தில் ஓர் எண்ணை இட்டால் வளை தன் உயரத்திற் சென்று அமர்ந்துவிடும், எஞ்சியதைப் பொறி பார்த்துக்கொள்ளும் என்பதே அவ்வெண்ணத்தின் சாரம். இது பிழையான எண்ணம், ஆபத்தான எண்ணமுமாகும்.

‘3.800 மீற்றர்’ என்பது தனித்து நின்று எதனையும் உணர்த்தாது. எதிலிருந்து 3.800? வளையின் மேற்பரப்பா, நடு அச்சா, அடிப்பரப்பா அவ்வுயரத்தில் நிற்பது? இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறாதவர் மட்டம் குறித்தவர் ஆகார்.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். மேல்மாடியொன்றின் முடிவுற்ற தரைமட்டம் +4.000 மீற்றர். தரையோட்டுக்கும் அதன் சாந்துக்கும் 50 மில்லிமீற்றரும், கொங்கிறீற்றுத் தளத்துக்கு 150 மில்லிமீற்றரும் கழிப்பின், உருக்கு வளையின் மேற்பரப்பு +3.800இல் நிற்றல் வேண்டும். வளையின் ஆழம் 400 மில்லிமீற்றர் எனக் கொள்க. விசைகளைக் கணிக்கும் மாதிரியில் வளை வெறும் கோடு; அக்கோடு பெரும்பாலும் வளையின் நடு அச்சையே குறிக்கும். அப்பழக்கத்தோடு ரெக்லா, ரெவிற் போன்ற மென்பொருளொன்றிற்கு வந்து, நடு அச்சுக்கே 3.800 என இட்டவர், வளையை 200 மில்லிமீற்றர் உயர்த்திவிட்டார். அதன் மேற்பரப்பு இப்போது +4.000இல் நிற்கின்றது. தளமும் ஓடும் எங்கே அமைவது?

மென்பொருள் இதனைத் தடுக்காது. பிழையான வளைக்கும் துல்லியமான பட்டறை வரைபடங்களை அது ஆக்கித் தரும். 20 மில்லிமீற்றர் ஆணிக்கு 22 மில்லிமீற்றர்த் துளை இடுவதே வழக்கம். விட்டுக்கொடுப்பு 2 மில்லிமீற்றர் மாத்திரமே. தூண்கள் சரியான மட்டத்திலும் வளைகள் பிழையான மட்டத்திலும் துளையிடப்பட்டு வருமாயின், பிழை வெளிப்படும் இடம் கட்டுமிடமே. பாரந்தூக்கி வளையை ஏந்தி நிற்க, தூணின் உச்சியில் ஒரு தொழிலாளி பொருந்தாத துளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“மோதல்களைக் கண்டறியும் வசதி மென்பொருளில் உண்டே” என்பர் சிலர். உண்டு. ஆயின் ஒரு பொருள் மற்றொன்றினுள் நுழைவதையே அது காணும். வளையும் தூணும் தளமும் குழாயும் ஒரே அளவாற் பிழையாக உயர்ந்திருந்தால் அங்கே மோதலே இல்லை. முழுக் கட்டடமும் ஒற்றுமையாகப் பிழைத்திருக்கும். திரையில் அது குறையின்றி விளங்கும்.

வளர்ந்த நாடுகளில் இவ்வாறு நிகழாது என எண்ணுவோர் லாபென்பேர்க் பாலத்தை நினைவிற் கொள்க. ரைன் நதியின் மேல் ஜேர்மனியும் சுவிற்சர்லாந்தும் சேர்ந்து அமைத்த பாலம் அது. இரு நாடுகளும் வெவ்வேறு கடல்மட்டங்களை ஆதாரமாகக் கொண்டவை. இடைவேறுபாடு 27 சென்ரிமீற்றர். அவ்வேறுபாட்டைப் பொறியியலாளர் அறிந்திருந்தனர், திருத்தமும் செய்தனர். ஆனால் கூட்டவேண்டிய இடத்திற் கழித்தனர். வேறுபாடு இரட்டித்து 54 சென்ரிமீற்றர் ஆயிற்று. 2003இல், வேலை நடந்துகொண்டிருக்கையில், அது வெளிப்பட்டது. அங்கே தவறியது கணிப்பொறியன்று; குறியை இட்ட மனிதனே.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இப்பாடம் இன்னும் நெருங்கியது. இது மலையற்ற, கடலோடு ஒட்டிய தட்டை நிலம். 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த மழை, எந்த நிலம் உயர்ந்தது, எது தாழ்ந்தது என்பதை எல்லோர்க்கும் காட்டிச் சென்றது. இங்கே ஓரடி உயர வேறுபாடு, வெள்ளம் வாசலில் நிற்பதா, மண்டபத்தினுள் நுழைவதா என்பதைத் தீர்மானிக்கும். கட்டட வரைபடத்தின் 0.000 நில அளவைத் திணைக்களத்தின் மட்டக்குறியோடு இணைக்கப்படாவிடின், வளைகள் தம்முள் எத்துணை ஒழுங்காக நின்றாலும் அவை நிலத்தோடு தொடர்பற்றவை. கேரதீவையும் சங்குப்பிட்டியையும் இணைத்து 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட 288 மீற்றர் நீளப் பாலத்தைப் போன்றதொன்றில், இரு கரைகளின் வீதியும் கடனீரேரியின் நீரும் பாலத்தின் உருக்கும் ஒரே ஆதாரத்திலிருந்து அளக்கப்படாவிடின் என்னாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நமது மேசன்மார் இதனை அறிவர். நீர் நிரப்பிய தெளிந்த குழாயைப் பிடித்து, தூண்தோறும் ஒரே மட்டத்தில் முதலிற் கோடிட்டபின்னரே அவர்கள் வேறெந்த உயரத்தையும் அளப்பர். ஆதாரம் முன், அளவு பின் என்பது அவர்தம் ஒழுங்கு. பட்டம் பெறப்போகும் மாணவன் அவ்வொழுங்கை இழந்து, மென்பொருள் தன்னியல்பாக இட்டுவைத்த தெரிவை அப்படியே ஏற்பது வளர்ச்சியாகாது. அத்தெரிவு எங்கோ வேறொருவர் செய்த தீர்மானம்; இக்கட்டடத்தை அவர் அறியார்.

மென்பொருளை வெறுக்கவேண்டும் என்பது இதன் கருத்தன்று. கையால் வரைந்த காலத்திலும் பிழைகள் மலிந்திருந்தன. மாடிமட்டம் ஒன்றை மாற்றினால் அதனோடு பிணைத்த வளைகள் யாவும் உடன்மாறுவது பெரும் நன்மையே. ஆயின் ஒரு திருத்தத்தை எங்கும் பரப்பும் அதே வலிமை, ஒரு பிழையையும் எங்கும் பரப்பும்.

ஆதலின், எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது எனக் கற்பிப்பதோடு விரிவுரை முடிதல் கூடாது. ஆதாரம் எது, வளையின் எப்பரப்பு, கூட்டலா கழித்தலா என்னும் மூன்றையும் மாணவன் தாளில் எழுதிக் காட்டிய பின்னரே விசைப்பலகையைத் தொடல் வேண்டும். எழுத இயலாதவன் இன்னும் வளையை வைக்கத் தகுதி பெற்றவனல்லன்.