விரலைக் காக்கும் பூட்டு

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மூட்டைத் தையல் பிரிக்கவோ, பட்டறையில் கயிறு அறுக்கவோ மடக்குக் கத்தி தேடுகிறீர்களா? பளபளப்பைப் பார்க்காதீர்கள்; பூட்டைப் பாருங்கள். அழுத்தும்போது அலகு மடங்கினால் போவது உங்கள் விரல். பிரான்சின் ஓப்பினெல் கத்தி 1890ல் பிறந்தது. அதற்கே 1955ல்தான் பூட்டு வளையம் வந்தது. வாங்குமுன், விரல்களை விலக்கிப் பிடித்து, விரித்த அலகின் முதுகை மரத்தில் அழுத்துங்கள். ஆடினால் வேண்டாம்.

அடுத்து எஃகு. கார்பன் எஃகைச் சுலபமாகத் தீட்டலாம். ஆனால் கொச்சியின் உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். அங்கே ஸ்டெயின்லெஸ்தான் உத்தமம். அதையும் ஈரம் துடைத்தே மடக்குங்கள். கீலுக்கு அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய். மூன்று அங்குல அலகு தாராளம். நெம்பும் வேலையை மட்டும் கத்திக்குக் கொடுக்காதீர்கள், முனை உடையும்.