இருபத்தைந்து இலைச் சாப்பாடு

திண்டிவனத்தில் வீடு இருப்பவர்களுக்குக் காணும் பொங்கலன்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. எல்லோருக்கும் இந்த ஊர் ‘வழியில்தான்’ இருக்கிறது. சென்னையிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர். புதுச்சேரிக்கும், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும், விழுப்புரம் தாண்டித் தெற்கே போவதற்கும் சாலை இங்கேதான் பிரிகிறது. ஊரில் பொங்கல் கொண்டாடிவிட்டுச் சென்னை திரும்பும் உறவுகளில் பாதிப் பேர் நம் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போயாக வேண்டும். விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரிசையில் நின்றபடி, “மதியம் உங்க வீட்லதான் மச்சான்” என்று ஒரு போன் போதும். பத்துப் பேருக்குத் திட்டமிட்ட உலை இருபத்தைந்து பேருக்கானதாகிவிடும்.

வருகிறவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வரட்டும், வராத பொங்கல் என்ன பொங்கல்? என் சந்தேகமெல்லாம் அந்த இருபத்தைந்து என்ற எண்ணின் மேல்தான்.

நம் பக்கத்தில் நூறு பேருக்குச் சமைப்பது ஒரு தொழில். காதுகுத்தோ வளைகாப்போ, மாஸ்டர் வந்து பட்டியல் போடுவார். வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து அண்டாவும் ஜல்லிக்கரண்டியும் வரும். 19 கிலோ வணிக சிலிண்டர், காய் நறுக்க ஆள், முன்பணம், மீதிப் பணம், வெற்றிலைபாக்கு மரியாதை. அடுப்படியில் நிற்பவர் பெரும்பாலும் ஆண். நான்கு பேருக்குச் சமைப்பதோ வேலைக் கணக்கிலேயே வராது. அது வீட்டுப் பெண்ணின் அன்றாடம். இருபத்தைந்து பேர் சாப்பாடு இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. மாஸ்டரைக் கூப்பிட்டால் ‘இதுக்குப் போயா?’ என்பார்கள். ஆகவே தொழில் அளவுக்கு உள்ள வேலை, அன்றாடத்தின் கூலியில், அதாவது கூலியே இல்லாமல், ஒருத்தியின் தலையில் இறங்குகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் என்று வைத்தாலும் மூன்று கிலோவுக்கு மேல் வடிக்க வேண்டும். வீட்டிலிருக்கும் ஐந்து லிட்டர் குக்கரில் அது மூன்று ஈடு. இருப்பது இரண்டு பர்னர் அடுப்பு. ஒன்றில் சோறு ஏறியிருக்க, மற்றொன்றில் கறிக்குழம்பு, வறுவல், ரசம், பிள்ளைகளுக்குத் தனியாகக் காரமில்லாத ஒன்று, கறி சாப்பிடாத சம்பந்திக்குச் சாம்பார் என எல்லாம் முறை வைத்துக் காத்துக் கிடக்கும். இதற்கு நடுவே வடை. தலைக்கு மூன்று என்றால் எழுபத்தைந்து. சட்டிக்கு ஏழு விழுந்தால் பதினோரு ஈடு. ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் எண்ணெய் முன் நிற்க வேண்டும். நாங்கள் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையில் டி.எம்.வி. ரகங்களை நாட்டுக்குக் கொடுத்த எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இந்த ஊரில்தான் இருக்கிறது, டி.எம்.வி. 2 வெளிவந்தது 1940இல். மல்லாட்டை எண்ணெய்க்குப் பஞ்சமில்லாத ஊர் என்பதால்தானோ என்னவோ, பொரிக்காத பண்டம் இங்கே பண்டமாகவே மதிக்கப்படுவதில்லை. அதுவும் இலையில் விழும்போது சூடாக விழ வேண்டும்.

ஆண்கள் பங்கு இல்லையா என்றால், இருக்கிறது. தை இரண்டாம் நாள் திருவள்ளுவர் தினம் என்பதால் இறைச்சிக் கடைகளுக்கு அன்று விடுமுறை. மறுநாள், காணும் பொங்கலான கரிநாளில், விடிவதற்கு முன்பே கறிக்கடையில் வரிசை கட்டி நிற்பது வீட்டு ஆண்கள்தான். அந்தப் பையைக் கொண்டுவந்து அடுப்படித் திண்ணையில் வைப்பதோடு அவர்களின் பொங்கல் கடமை முடிகிறது. பிறகு கூடத்தில் டிவி. முதல் பந்தி அவர்களுக்கு, அடுத்தது பிள்ளைகளுக்கு. சமைத்தவர் உட்காரும்போது மணி நாலு ஆகியிருக்கும், கறிச்சட்டியில் எலும்பு மட்டும் மிஞ்சியிருக்கும்.

இது பண்டிகை நாளில் மட்டும் நடக்கும் அநியாயமும் அல்ல. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார். ஈடுபடும் ஆண் 88 நிமிடம். 2019இல் இதே கணக்கு 299, 97. ஐந்து ஆண்டுகளில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆண் ஒன்பது நிமிடத்தைத் தனக்கும் குறைத்துக்கொண்டார். அரசும் நீதிமன்றமும் இந்த உழைப்பை ஒப்புக்கொள்ளத் தொடங்கிவிட்டன. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, குடும்பச் சொத்து சேர்ந்ததில் இல்லத்தரசியின் வீட்டு உழைப்பும் பங்களிப்பே என்று தீர்ப்பளித்தார். அதே ஆண்டு செப்டம்பர் 15இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைத் திட்டம், மாதம் 1,000 ரூபாயை உதவி என்று சொல்லாமல் உரிமை என்றே சொல்கிறது. கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்குத்தான் இன்னும் செய்தி வந்து சேரவில்லை.

முன்பெல்லாம் நடக்கவில்லையா என்று பெரியவர்கள் கேட்பார்கள். நடந்தது, ஆனால் கைகள் இருந்தன. பங்காளி வீட்டுப் பெண்கள், ஓரகத்திகள், எதிர்வீட்டு அக்கா என்று ஒரே தெருவில் ஐந்தாறு அருவாமணை உட்காரும். இன்று ஓரகத்தி தாம்பரத்தில் இருக்கிறார். கிளாம்பாக்கத்தில் பஸ் பிடித்து விருந்தாளியாகத்தான் வருகிறார். செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அப்படி வேலைக்குப் போகும் மகளுக்குப் பொங்கல் விடுப்புதான் உடம்பைச் சாய்க்கக் கிடைக்கும் இடைவெளி. உதவிக் கைகள் போய்விட்டன. பதார்த்தங்கள் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு கூடுகின்றன.

கூடுவதை மரபின் பெயரால் கேட்பதுதான் வேடிக்கை. பொங்கல் படையலின் மரபு என்ன? பச்சரிசிப் பொங்கல். பூசணி, மொச்சை, சேப்பங்கிழங்கு, கருணை என்று கிடைத்ததையெல்லாம் போட்டு ஒரே சட்டியில் கொதித்த குழம்பு. வாழைப்பழம், கரும்பு. அவ்வளவுதான். பிரியாணியும் சுக்காவும் காலிஃபிளவர் பக்கோடாவும் கல்யாண மண்டபத்திலிருந்து வீட்டுக்கு வந்தவை. தென்கொரியாவில் இதே கூத்து சுசோக் அறுவடைத் திருநாளில் உண்டு. முன்னோர் படையலுக்காக மாவில் தோய்த்துப் பொரித்தே மருமகள்கள் ஓய்ந்துபோவார்கள். பண்டிகை நோய் என்றே அங்கே அதற்குப் பெயர். 2022 செப்டம்பரில் கன்பூசிய மரபின் காவலர்களான சங்க்யுங்வான் அமைப்பினரே முன்வந்து, ஒன்பது பதார்த்தங்கள் போதும், எண்ணெயில் பொரித்தவை வேண்டியதில்லை என்று அறிவித்தார்கள். மரபைக் காட்டி வேலை வாங்கியவர்களின் வாயை மரபைக் காப்பவர்களே அடைத்தார்கள். நம்மிடம் அப்படி ஒரு சபை கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும் மாமியார்தான் சபை.

பழைய தென்னாற்காட்டில் அன்னம் என்றாலே வடலூர். 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்று பெருமையாகச் சொல்கிறோம். அது தருமசாலை அடுப்பு. ஊர் கூடி அரிசி தரும். கைகள் மாறி மாறிச் சமைக்கும். யாரோ ஒரு வீட்டம்மாவின் முதுகில் ஏற்றியிருந்தால் ஒரு தைகூடத் தாண்டியிருக்காது.

ஆக, இரண்டில் ஒன்று. இருபத்தைந்து பேர் என்றால் அது பந்தி என்று ஒப்புக்கொண்டு பந்திக்கு உரிய ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். ஒரு மாஸ்டர், ஓர் உதவியாள், வாடகைப் பாத்திரம். செலவை வருகிற ஐந்து குடும்பங்களும் பகிர்ந்துகொள்ளட்டும். அதற்கு மனமில்லையா, ஒரே சட்டிக்குத் திரும்புவோம்: சோறு, ஒரு குழம்பு, தயிர். மற்றதை வருகிறவர்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டுவரட்டும். ஆண்களுக்குச் சமைக்கத் தெரியாது என்ற சாக்கு இந்த மாவட்டத்தில் செல்லாது. ஆடி மாதம் அம்மன் கோயில் வாசலில் கூழ் அண்டாவைத் துடுப்பால் கிண்டுகிற கைகள் யாருடையவை?

எதிர்ப்பு வரும், அடுப்படியிலிருந்தே வரும். ‘மாஸ்டர் கை நம்ம கை ஆகுமா?’ என்று முதலில் கேட்பது அந்த வீட்டின் மூத்த பெண்மணியாகத்தான் இருப்பார். அதில் நியாயமும் இருக்கிறது. வீட்டில் வேறெந்த முடிவும் அவர் கையில் இல்லாதபோது, ‘அவங்க குழம்பு மாதிரி வராது’ என்ற ஒற்றைப் புகழ்தான் அவருடைய சம்பளம். அதையும் பிடுங்கிக்கொள்ளச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் சமைக்கத்தான் விரும்புகிறார் என்றால் சமைக்கட்டும். எத்தனை பேர், எத்தனை மணிக்கு, என்னென்ன என்ற மூன்றையும் அவரே தீர்மானிக்கட்டும். பணப்பையும் அன்று அவரிடமே இருக்கட்டும். இந்த வருஷம் வடை கிடையாது என்று அவர் சொன்னால், வடை கிடையாது.