அறிவு என்பது கணக்குப் போடுவது மட்டுமா?

செயற்கை நுண்ணறிவைக் கிரேக்கர்கள் இன்று ‘டெக்னிதி நோயிமோசினி’ என்கிறார்கள். கேள்விக்குச் சட்டென்று விடை தருவதையே அறிவு என்று சுருக்கிவிட்ட இக்காலத்தில், இந்த இரண்டாவது சொல்லின் வரலாறு நம்மைச் சற்று நிறுத்தி யோசிக்க வைக்க வேண்டும். ‘நூஸ்’ என்றால் மனம். மனத்தால் உணர்தல் என்ற பொருளுள்ள ‘நோஎயின்’ அதனோடு சேர்ந்த வினை. அந்தத் திறம் உடையவர் ‘நோஎமோன்’. அதன்மேல் ‘சூனே’ என்ற விகுதி ஏறினால் பண்புப்பெயர் பிறக்கிறது. நீதியுள்ளவரைக் குறிக்கும் ‘திக்காயோஸ்’ நீதி என்ற ‘திக்காயோசூனே’ ஆனதும் இதே வழியில்தான். இந்த விகுதி பெற்றவை எல்லாமே பெண்பால் என்பதால், முன்னால் வரும் ‘டெக்னிதி’ என்ற அடைமொழியும் பெண்பால் வடிவம் கொள்கிறது.

ஆனால் ஒரு சொல்லின் பொருளுக்கு இலக்கணத்தைவிட வழக்கே வலுவான சான்று. ஹோமரின் ஒடிசி காவியத்தின் 17-ஆம் காண்டத்தில், இருபது ஆண்டுகள் கழித்துப் பிச்சைக்கார வேடத்தில் வீடு திரும்பும் ஒடிசியஸை, குப்பைமேட்டில் கிடக்கும் கிழநாய் ஆர்கோஸ் அடையாளம் கண்டு வாலை ஆட்டுகிறது. அந்த நாயின் செயலுக்கு ஹோமர் இடும் வினை இந்த ‘நோஎயின்’தான். அவருடைய இலியட் காவியத்தின் 3-ஆம் காண்டத்தில் கிழவி உருவில் வந்த காதல் தெய்வம் அஃப்ரோடைட்டியைக் கழுத்தழகால் ஹெலன் கண்டுகொள்வதற்கும் அதே வினைதான். கண்ணில் பட்டதன் உண்மை நிலையை உணர்வதே ஹோமரில் இதன் பொருள் என்று கிரேக்க இலக்கிய அறிஞர் குர்ட் வான் ஃபிரிட்ஸ் 1943-இல் விரிவாக வாதிட்டார். எனக்கு அது சரியாகவே படுகிறது.

வேர்ச்சொல்லைக் காட்டி இன்றைய பொருளைத் தீர்மானிக்கலாமா என்று கேட்பார்கள். கூடாது. ‘நூஸ்’ என்பதன் வேர் எது என்பதிலேயே அறிஞர்களிடம் உடன்பாடு இல்லை. வீடு திரும்புதல் என்ற பொருளுள்ள வினையோடு அதை இணைப்பவர்களும் உண்டு. அறிவுத்திறன் குறியீட்டெண்ணுக்கும் கிரேக்கர்கள் இன்று ‘நோயிமோசினி’யையே பயன்படுத்துகிறார்கள் என்பதும் உண்மை. என் வாதம் வேரை நம்பி நிற்கவில்லை. அறிவு ஒரே திறம் அல்ல என்பதைப் பண்டைய கிரேக்க மரபு கூர்மையாகவே கண்டிருந்தது. அரிஸ்டாட்டில் நிகோமாக்கிய அறவியலின் 6-ஆம் நூலில் கைத்திறன், அறிவியல், நடைமுறை விவேகம், ஞானம், ‘நூஸ்’ என ஐந்தைத் தனித்தனியே பிரிக்கிறார். நிரூபணம் எட்டாத முதற்கோட்பாடுகளைப் பற்றிக்கொள்வது ‘நூஸ்’ என்கிறார். ஒடிசியின் 2-ஆம் காண்டத்திலோ, ஒடிசியஸின் மனைவி பெனலப்பியை மணக்கக் காத்திருக்கும் கூட்டத்தாரிடம் நீதியும் இல்லை, ‘நோஎமோன்’ என்று சொல்லத்தக்க அறிவும் இல்லை என்று ஏதீனா தேவி கூறுகிறாள். இத்தனைக்கும், ஒடிசியஸின் மகன் டெலமாக்கஸைக் கடலில் மடக்கிக் கொல்லத் திட்டம் தீட்டும் அளவுக்குச் சாமர்த்தியம் உள்ளவர்கள் அவர்கள். எனவே ஒரு குழந்தையையோ இயந்திரத்தையோ ஒற்றை மதிப்பெண்ணால் அறிவுள்ளது என்று அறிவிப்பவர்கள், இவற்றுள் எந்தத் திறத்தை அளந்தோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.