போகிறேன் என்று சொல்லும் உரிமை

வேலை கொடு என்று தொழிலாளி கேட்டால் முதலாளி சிரிக்கிறார். கூலியை உயர்த்து என்று கேட்டால் முகம் சுளிக்கிறார். "ஐயா, உங்கள் வேலை எனக்கு வேண்டாம், நான் போகிறேன்" என்று சொன்னாலோ, அப்போதுதான் அவருக்கு உண்மையாகவே கோபம் வருகிறது! இது ஏன் என்று நமது தோழர்கள் சிந்தித்துப் பார்க்க வேண்டும். ஊரில் வேலை கேட்டு ஆயிரம் பேர் நிற்கிறார்கள் என்று தினமும் சொல்லிக் காட்டுகிறவர், ஒருவன் விலகினால் மட்டும் ஏன் பதறுகிறார்? முன்பணத்தை நீட்டுகிறார், மூன்று மாத நோட்டீஸ் என்கிறார், சான்றிதழ் என் பெட்டியில் இருக்கிறது என்கிறார், பாஸ்போர்ட் என் மேஜையில் இருக்கிறது என்கிறார். ஏன்?

விலகிப் போகக்கூடிய தொழிலாளியிடம் பேரம் பேச வேண்டியிருக்கும். விலக முடியாதவனிடம் உத்தரவு போட்டால் போதும். இதுதான் விஷயம்.

அதிராம்பட்டினத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் மீன்பிடித் துறை, உள்ளே போனால் தென்னந்தோப்பும் நெல் வயலும். நடுவே கடைத்தெரு. வளைகுடா நாட்டில் ஆள் இல்லாத தெரு என்று ஊரில் ஒன்றைக் காட்ட முடியாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் பட்டுக்கோட்டைச் சீமையின் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, விசாவுக்குக் கடன் வாங்கிய வீடுகள் இன்னும் கூடின. இந்த ஒரே ஊரில், வேலையை விட்டு விலகும் உரிமை எத்தனை விதமாகப் பறிக்கப்படுகிறதோ அத்தனை விதத்தையும் பார்க்கலாம்.

தஞ்சை ஜில்லாவுக்கு இது புதுச் செய்தி அல்ல. பண்ணையாள் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று நமது இளம் தோழர்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்கட்டும். சவுக்கடியும் சாணிப்பாலும் எல்லாருக்கும் தெரியும், மேடைதோறும் சொல்லியிருக்கிறோம். ஆனால் அந்தச் சவுக்கைவிட வலுவான ஒரு கயிறு இருந்தது. அதுதான் குடிமனை. பண்ணையாள் குடியிருந்த குடிசை நின்ற மண் மிராசுதாருடையது. "போகிறேன்" என்று அவன் சொன்னால், வேலையிலிருந்து மட்டுமல்ல, வீட்டிலிருந்தும் போக வேண்டும். மனைவி, மக்கள், ஆடு, கோழி, பானை சட்டியோடு இரவோடிரவாகப் போக வேண்டும். அடுத்த கிராமத்து மிராசுதார் இடம் கொடுப்பாரா? அவரும் இவரும் ஒரே பந்தியில் சாப்பிடுகிறவர்கள். பூட்டு இல்லை, காவல் இல்லை; ஆனாலும் அவனால் போக முடியாது.

1952-ல் தஞ்சாவூர்ச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதலில் அவசரச் சட்டமாகவும் பிறகு சட்டமாகவும் வந்த அது சும்மா வந்துவிடவில்லை. தோழர் பி. சீனிவாசராவும் அவரோடு நின்ற விவசாயத் தொழிலாளர்களும் பத்தாண்டு நடத்திய போராட்டம் அதற்குப் பின்னால் இருந்தது. சட்டம் வந்ததும் மிராசுதார்கள் என்ன செய்தார்கள்? பண்ணையாள்களைக் கூட்டம் கூட்டமாக நீக்கித் தினக்கூலிகளாக ஆக்கினார்கள். இத்தனை காலம் போகவிடாமல் பிடித்து வைத்தவர்கள், உரிமை வந்துவிட்டது என்றதும் "போ" என்று தள்ளினார்கள். பிடித்து வைப்பதும் தள்ளிவிடுவதும் அவர் இஷ்டம் என்பதுதான் அந்த முறையின் சாரம். வேலையை விடும் உரிமைக்கு உண்மையான அடித்தளம் எப்போது விழுந்தது தெரியுமா? குடியிருப்போரை வெளியேற்றாதிருக்க 1961-ல் ஒரு சட்டமும், குடிமனையை அவர்களுக்கே சொந்தமாக்க 1971-ல் ஒரு சட்டமும் வந்தபோதுதான். கால் பதிய ஒரு மனை இருந்தால்தான் மனிதன் நிமிர்ந்து "முடியாது" என்று சொல்ல முடியும். இடைப்பட்ட 1968 டிசம்பர் 25 இரவில், கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கு இரையானதையும் இந்தக் கணக்கில் சேர்த்தே நாம் எழுத வேண்டியிருக்கிறது.

வெள்ளைக்காரன் ஆட்சியில் இது இன்னும் வெளிப்படையாக இருந்தது. 1859-ம் ஆண்டின் ஒரு சட்டப்படி, முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் குற்றவாளி! மாஜிஸ்திரேட் அவனைத் திரும்பப் போய் வேலை செய் என்று உத்தரவிடலாம். மீறினால் மூன்று மாதச் சிறை. முதலாளி கூலி கொடுக்காமல் ஏமாற்றினால் அவருக்குச் சிறை உண்டா? அது வெறும் சிவில் வழக்கு. இந்த அநியாயம் ஒழிக்கப்பட 1925-ல்தான் சட்டம் வந்தது. கடல் தாண்டி இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம்மவர் கதை அதைவிடக் கசப்பானது. 1865-ம் ஆண்டுச் சட்டம் அங்கே ஒரு மாத நோட்டீஸ் என்று எழுதியது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நோட்டீஸ் இல்லாமல் போனால் சிறை. நோட்டீஸ் கொடுத்துப் போனாலும் அடுத்த தோட்டத்தில் சேர 'துண்டு' வேண்டும். அந்தத் துண்டுச் சீட்டில் அவன் கடன் எழுதியிருக்கும். கடனை ஏற்கிற தோட்டத்துக்கே அவன் போகலாம். ஆளோடு கடனும், கடனோடு ஆளும் கைமாறின. 1921-ல்தான் அந்தத் துண்டு முறை ஒழிந்தது.

சுதந்திர இந்தியாவில் எப்படி? 1946-ம் ஆண்டின் நிலையாணை விதிகளில் ஒரு நேர்மையான ஏற்பாடு இருந்தது. மாதச் சம்பளம் வாங்கும் நிரந்தரத் தொழிலாளியை நீக்க வேண்டுமானால் முதலாளி ஒரு மாத நோட்டீஸ் தரவேண்டும். தொழிலாளி விலக வேண்டுமானால் அவனும் ஒரு மாத நோட்டீஸ் தரவேண்டும். மற்ற தொழிலாளிக்கு இரண்டு வாரம். நோட்டீஸுக்குப் பதில் சம்பளம் கொடுத்தும் முடித்துக்கொள்ளலாம். இரு தட்டும் சமம். இதில் நமக்கு ஆட்சேபமில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போ என்று நாம் எந்தத் தொழிலாளிக்கும் சொல்லவில்லை. கூட வேலை செய்யும் தோழன் தலையிலே சுமையைப் போட்டுவிட்டுப் போவது நமது பண்பாடும் அல்ல.

ஆனால் அந்த ஏற்பாடு யாருக்குக் கிடைக்கிறது? 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 29 சட்டங்களை நான்காகச் சுருக்கினோம் என்று மத்திய சர்க்கார் பெருமை பேசுகிறது. நிலையாணை பொருந்துவதற்கு முன்பு 100 தொழிலாளர் போதும். இப்போது 300 வேண்டும். பட்டுக்கோட்டைத் தாலுகாவில் 300 பேர் வேலை செய்யும் ஸ்தாபனத்தைத் தேடி நமது தோழர்கள் சைக்கிளில் புறப்பட்டால் எப்போது திரும்புவார்கள் என்று நமக்குத் தெரியாது! மற்ற இடங்களிலெல்லாம் முதலாளி எழுதி வைத்ததே விதி. எனக்கு மூன்று மாத நோட்டீஸ் கொடு, உனக்கு நான் ஒரு வாரம் தருவேன் என்று அவர் எழுதுவார். பசியோடு வந்தவன் கையெழுத்துப் போடுவான்.

அதே தொகுப்பு இன்னொன்றும் செய்தது. வேலைநிறுத்தம் செய்ய முன்பு பொது உபயோக சேவைகளில்தான் நோட்டீஸ் கட்டாயம். இப்போது எல்லாத் தொழிலிலும் 14 நாள் முன்னதாக நோட்டீஸ் வேண்டும். பாதிப்பேருக்கு மேல் ஒன்றாக லீவு போட்டாலும் அது வேலைநிறுத்தமாம்! தனியாகப் போனாலும் நோட்டீஸ், சேர்ந்து நின்றாலும் நோட்டீஸ். நோட்டீஸ் கொடுக்கும் கடமை நம் பக்கம் நாளுக்கு நாள் வளர்கிறது.

நல்ல அம்சம் ஒன்றும் உண்டு. அதை மறைப்பது நாணயமாகாது. நீக்கப்பட்டாலும் சரி, தானாக விலகினாலும் சரி, கணக்கு முடித்து இரண்டு வேலை நாளுக்குள் கூலி தரவேண்டும் என்று கூலித் தொகுப்பு சொல்கிறது. விலகியவனையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். முன்பிருந்த 1936-ம் ஆண்டுச் சட்டம் முதலாளி நீக்கியவனுக்கே இந்த இரண்டு நாள் கணக்கைச் சொன்னது. ஆகவே, "அடுத்த மாதம் வா, ஆடிட்டர் வரட்டும்" என்ற கதை இனி செல்லாது. செல்லாது என்பதை நாம்தான் செய்து காட்ட வேண்டும்.

கடைத்தெருத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே வந்தது. அதன் 41-ம் பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்க முடியாது. நோட்டீஸ் இல்லையேல் ஒரு மாதச் சம்பளம். ஜவுளிக் கடையில் நாளெல்லாம் நிற்கிறவர் உட்கார ஒரு இருக்கை வேண்டும் என்று அதே சட்டத்தில் எழுத 2021 வரை காத்திருந்தோம். எழுந்து போகும் உரிமைக்கு எத்தனை காலம் காத்திருப்பதோ!

உப்பளத்திலும் செங்கல் சூளையிலும் முன்பணம் வாங்கியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாங்கிய கடனுக்காக வேறு இடத்தில் வேலை செய்யும் சுதந்திரத்தை ஒருவன் இழந்தால், அதற்குச் சட்டம் கொடுக்கும் பெயர் கொத்தடிமை. 1976-ம் ஆண்டுச் சட்டம் அந்த முறையை ஒழித்தது. கொத்தடிமைக் கடனையும் சேர்த்தே ஒழித்தது. "கணக்கைத் தீர்த்துவிட்டுப் போ" என்று வழி மறிக்கிறவர்தான் கலெக்டர் முன் பதில் சொல்ல வேண்டியவர்.

நீதிமன்றம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்பார்கள். 1986-ல் கல்கத்தாவின் மத்திய உள்நாட்டு நீர்ப் போக்குவரத்துக் கழக வழக்கில், மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து நிரந்தர ஊழியரை எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம் என்ற விதி செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பேரம் பேசும் பலம் சமமில்லாத இடத்தில் கையெழுத்து ஒன்றே நியாயமாகிவிடாது என்றது. அது நமக்குத் தெம்பு கொடுத்த தீர்ப்பு. 2025 மே மாதத்தில் விஜயா வங்கி வழக்கிலோ, மூன்றாண்டுக்குள் விலகிய அதிகாரி 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற பத்திரம் செல்லும் என்றது அதே கோர்ட். பொதுத்துறை வங்கி ஆள் எடுக்கும் செலவைக் கணக்கில் கொண்டது அந்தத் தீர்ப்பு; மேல்சம்பள அதிகாரிக்கு வந்தது. ஆனால் இதைக் காட்டி, பதினைந்தாயிரம் சம்பளக்காரனிடம் பத்திரம் எழுதி வாங்கக் கிளம்புகிறவர்களைத் தோழர்கள் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். எந்தப் பத்திரமும் ஒருவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து வேலை வாங்கும் அதிகாரத்தை முதலாளிக்குக் கொடுப்பதில்லை.

இனி, அதிராம்பட்டினத்து வீடுகள் அதிகம் கவலைப்படும் விஷயத்துக்கு வருவோம்.

வளைகுடாவில் இத்தனை காலம் நடந்தது 'கஃபாலா' முறை. குடிமனைக்குப் பதில் அங்கே விசா. மிராசுதாருக்குப் பதில் 'கஃபீல்'. தங்கும் அறை அவருடையது, இக்காமா அவர் கையில், ஊருக்குத் திரும்பவும் அவர் அனுமதி. தொழிலாளி சொல்லாமல் போனால் 'ஹுரூப்' என்று எழுதிவிடுவார். ஓடிப்போனவன் என்று பொருள். அந்த ஒரு வரியில் அவன் சட்டவிரோதமானவன் ஆகிறான். சம்பளம் வராததால் விலகினான் என்று நிரூபிக்கும் பொறுப்பு அவன் தலையில் விழுகிறது. துண்டுச் சீட்டு கம்ப்யூட்டருக்குள் புகுந்துகொண்டதைத் தவிர என்ன வித்தியாசம்?

மாற்றமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 2020-ல் கத்தார், பழைய முதலாளியின் தடையின்மைச் சான்று இல்லாமலே வேலை மாறலாம் என்று சட்டம் செய்தது. இரண்டாண்டு வரை வேலை பார்த்தவர் ஒரு மாத நோட்டீஸ். அதற்கு மேல் பார்த்தவர் இரண்டு மாதம். வீட்டு வேலைக்காரரும் அதில் அடக்கம். அமீருக்குத் திடீரென்று இரக்கம் பிறந்து இது வந்ததா? 2014-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தில் தொழிலாளர் பிரதிநிதிகள் புகார் கொடுத்தார்கள்; உலகக் கால்பந்துப் போட்டி நடக்கவிருந்த நாடு என்பதால் உலகத் தொழிற்சங்கங்கள் விடாமல் நெருக்கின. அதனால் வந்தது.

சவூதியில் 2021 மார்ச் 14 முதல், ஓராண்டு முடித்த தொழிலாளி நோட்டீஸ் கொடுத்துவிட்டு முதலாளி சம்மதமின்றியே இடம் மாறலாம், ஊருக்குப் போய் வரலாம் என்றார்கள். ஆனால் யாரை விட்டுவிட்டார்கள் பாருங்கள்: வீட்டு வேலைக்காரர், வீட்டு டிரைவர், தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர். தஞ்சைக் கிராமத்திலிருந்து ஏஜெண்டு கையில் பணம் கட்டிப் போகிறவன் எந்த வேலைக்குப் போகிறான்? பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றுக்குத்தான்! கத்தாரால் வீட்டு வேலைக்காரரைச் சேர்க்க முடிந்தது; சவூதியால் முடியாதா? குவைத்தோ 2025 ஜூலை 1 முதல் தனியார் துறையில் இருக்கும் அயல்நாட்டுத் தொழிலாளி ஊருக்குப் புறப்பட முதலாளியின் அனுமதி வேண்டும் என்று புதிதாகவே ஆரம்பித்திருக்கிறது. தாய் இறந்த செய்தி வந்தாலும் முதலாளி ஒப்புதல் கொடுத்த பிறகே விமானம் ஏறலாம். நமது சர்க்கார் இதைப் பற்றி வாய் திறக்க வேண்டாமா? அந்நியச் செலாவணி வேண்டும், அனுப்புகிறவன் மட்டும் எப்படியோ போகட்டுமா?

இந்த இடத்தில் நமது சங்கங்களின் குறையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலைநீக்கம் என்றால் நாம் கொடி பிடிக்கிறோம். ஒருவன் தானாக விலகினால், "போனவன் போனான்" என்று பேரேட்டிலிருந்து பெயரை அடிக்கிறோம். அவனுடைய பாக்கிச் சம்பளம், கிராஜுவிடி, பி.எஃப்., அனுபவச் சான்று எல்லாம் அங்கே கிடக்கின்றன. விலகுகிறவனுக்கு நிற்காத சங்கத்தில் நாளை அவன் புது இடத்தில் எப்படிச் சேருவான்? இந்தப் போக்கு மாறியாக வேண்டும்.

நாம் கேட்பவை அதிகம் இல்லை. நிலையாணைக்கு 300 என்ற வேலியை எடு. விலகுவோன் தரவேண்டிய நோட்டீஸ், நீக்குவோன் தரும் நோட்டீஸைவிட ஒரு நாள்கூட அதிகமாக இருக்கக் கூடாது என்று சட்டத்தில் எழுது. அசல் சான்றிதழைப் பிடித்து வைப்பதைக் குற்றமாக்கு. ரியாத்திலும் குவைத்திலும் ஒப்பந்தம் பேசும்போது வீட்டு டிரைவரையும் ஆடு மேய்ப்பவரையும் சேர்த்துப் பேசு.

அதுவரை கிளைத் தோழர்கள் செய்யக்கூடிய காரியம் இது. விலகுகிறவர் வாயால் சொல்லிவிட்டு வரக் கூடாது. தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்துப் போட மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். வெளிநாடு போகிறவர் ஏஜெண்டுக்குக் கட்டும் பணத்துக்கு ரசீது கேட்க வேண்டும். பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். ஒப்பந்தத்தில் நோட்டீஸ் எத்தனை நாள், என்ன வேலை என்று எழுதியிருக்கிறது என்பதை விமானம் ஏறுமுன் பார்த்துவிட வேண்டும். அதிராம்பட்டினத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் இந்த மாதம் புறப்படவிருக்கும் இளைஞர்களின் வீடுகளுக்குத் தோழர்கள் போகட்டும். காகிதத்தை வாங்கி, திண்ணையில் உட்கார்ந்து, அந்த வீட்டுத் தாய்க்கும் புரியும்படி வரி வரியாகப் படித்துச் சொல்லட்டும். புரியாத வரி இருந்தால் நகல் எடுத்து நமது அலுவலகத்துக்கு அனுப்புங்கள்; படித்துப் பதில் எழுதுகிறோம்.