குத்தகைக் காணியும் விதைநெல்லும்

இணையத்தில் தன் கருமங்களைத் தானே நடத்திக்கொள்ளுதல் என்னும் போக்கு அண்மைக்காலத்திலே கணினி கற்றோரிடையே வலுப்பெற்று வருகின்றது. மெய்நிகர் வழங்கி ஒன்றை வாடகைக்குப் பெற்று, தமது மின்னஞ்சல், நாட்காட்டி, ஒளிப்படத் தொகுப்பு, குறிப்பேடு முதலியவற்றை அதிலே தாமே நிறுவிக்கொள்வதை இது குறிக்கும். இதனை ஆதரிப்போர் முழு விடுதலை என்கின்றனர். எதிர்ப்போர் வீண் வேலை என்கின்றனர். இரு சாராரும் ஒரே தவற்றையே இழைக்கின்றனர். வழங்கி யாருடையது என்று வாதிடும் அவர்கள், அதனை விட்டு வெளியேறும் ஆற்றல் யாரிடம் உள்ளது என்று வினவுவதில்லை.

வீண் வேலை என்போரின் வாதத்தை முதலில் நோக்கலாம். பெருநிறுவனங்கள் யாவற்றையும் இலவசமாகத் தரும்போது, மாதந்தோறும் சில டொலர்களைக் கொடுத்துத் தொல்லையை விலைக்கு வாங்குவானேன் என்பது அவர்தம் கேள்வி. வரலாறு இதற்கு விடை தந்துள்ளது. பல இலட்சம் தனியார் பக்கங்களைத் தாங்கிநின்ற ஜியோசிற்றீஸ், ஜப்பானியக் கிளை நீங்கலாக, 2009 ஒக்டோபரில் மூடப்பட்டது. கூகிளின் செய்தியோடை வாசிப்பான் 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் முற்றாக மறைந்தன. தமிழில் இலக்கணமும் இலக்கியமும் பேசிய பல ஆண்டு உரையாடல்களும் அங்கேதான் இருந்தன. இம்முடிவுகளை எடுத்தபோது எழுதியோரின் ஒப்புதல் கேட்கப்படவில்லை. கேட்க வேண்டிய கடப்பாடும் இருக்கவில்லை. விருந்தினனாகத் தங்கியவனுக்கு வீட்டுக்காரன் கணக்குக் காட்டுவதில்லை.

எனினும், இதிலிருந்து முழு விடுதலை என்னும் முடிவுக்குத் தாவுவோரின் கூற்றும் ஏற்கத்தக்கதன்று. மெய்நிகர் வழங்கி என்பது தனிப் பொறியன்று. பெரும் கணினி ஒன்றின் செயலியையும் நினைவகத்தையும் வட்டையும் மென்பொருளாற் கூறுபோட்டு, ஒவ்வொரு கூறும் தனிக் கணினிபோல் இயங்கச் செய்யும் ஏற்பாடே அது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2003 இல் வெளிவந்த சென் போன்ற மென்பொருள்கள் இவ்வணிகத்துக்கு வழிகோலின. வாடகைக்காரருக்குத் தமது கூற்றினுள்ளே முழு அதிகாரம் உண்டு என்பது உண்மை. ஆனால், அடியிலுள்ள பொறியை ஆள்வோர் அக்கூற்றினை நிறுத்தலாம், படியெடுக்கலாம், நினைவகத்தையும் பார்வையிடலாம். வட்டினை மறைகுறியாக்கினாலும், வழங்கி இயங்கும்வரை அதன் திறவுகோல் அந்த நினைவகத்திலேயே கிடக்கும். ஆகவே, இது உறுதி முடித்த காணியன்று, குத்தகைக் காணி. பயிர் உழவனுக்குரியது, நிலம் அவனுடையதன்று.

குத்தகைக்காரனுக்கு நிலம் சொந்தமில்லை என்பதற்காக அவன் பயிரிடாமல் இருப்பதில்லை. ஆனால், அறிவுள்ள எந்த உழவனும் அடுத்த போகத்துக்கான விதைநெல்லை அந்த வயற்கரையிலேயே விட்டுவரமாட்டான். 2021 மார்ச் 10 ஆம் திகதி, பிரான்சின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரிலே ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு நிலையம் தீப்பற்றியது. அதன் கட்டடங்களுள் ஒன்று முற்றாக எரிந்தது. வேறிடத்திற் காப்புப்பிரதி வைத்திருந்தோர் சில நாட்களில் மீண்டனர். வைக்காதோர் தம் தரவுகளை நிரந்தரமாக இழந்தனர். இரு சாராரும் ஒரே நிறுவனத்துக்கே வாடகை செலுத்தியோர். அவர்களை வேறுபடுத்தியது நிலமன்று, விதைநெல்லே.

எனவே, விடுதலையின் அளவுகோல் ஒன்றே: இன்றிரவு இவ்வழங்கி அழிந்தால், நாளை மறுநாள் அதனை வேறோரிடத்தில் எழுப்ப முடியுமா? முடியுமாயின் வாடகைக்காரர் சுதந்திரர். முடியாதாயின் அவர் எசமானை மாற்றியவர் மாத்திரமே. அதற்குச் சில வேண்டும். முகவரிப் பெயர் அவர் பெயரிலேயே பதிவாகியிருத்தல் வேண்டும். நெக்ஸ்ட்கிளவுட் போன்ற கட்டற்ற மென்பொருள்களும், எவரும் வாசிக்கத்தக்க திறந்த கோப்பு வடிவங்களும் கையாளப்படல் வேண்டும். காப்புப்பிரதி வேறு நிறுவனத்திலோ வீட்டு வட்டிலோ இருத்தல் வேண்டும். அதிலிருந்து மீட்டெடுக்க முடிகின்றதா என்பது இடையிடையே செய்து பார்க்கப்படவும் வேண்டும். மீட்டுப் பாராத காப்புப்பிரதி, முளைக்குமா என்று பாராத விதைநெல்லுக்கு ஒப்பானது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும், அது நியாயமானதுங்கூட. இத்தனைக்கும் யாருக்கு நேரமுண்டு? புதிய வழங்கி இணையத்திலே தோன்றிய சில மணி நேரத்துக்குள், கடவுச்சொல்லை ஊகித்து நுழைய முயலும் தானியங்கி நிரல்கள் அதன் கதவைத் தட்டத் தொடங்கிவிடும். பாதுகாப்புத் திருத்தங்களை ஒரு மாதம் மறந்தாலும் ஆபத்து. மின்னஞ்சலோ இன்னும் கடினம்: அறிமுகமற்ற முகவரியிலிருந்து வரும் கடிதங்களைப் பெருநிறுவனங்கள் குப்பையிற் சேர்க்கின்றன, வாடகை நிறுவனங்கள் பலவும் அஞ்சல் வெளிச்செல்லும் வாயிலை ஆரம்பத்திலேயே அடைத்துவைக்கின்றன. தனியொருவர் இவையனைத்தையும் சுமப்பது எளிதன்று. இலவசச் சேவைகளின் வலிமையும் இந்தக் களைப்பிலேயே தங்கியுள்ளது.

ஆனால், இவ்வாதம் தாக்குவது சுயசேவையையன்று. அதனைத் தனிமனித சாகசமாகக் கருதும் மனப்பான்மையையே. தன் அறைக்குள் தன் வழங்கியோடு தனித்திருந்து, அயலவரின் அறியாமையை எள்ளுபவர் எவரையும் விடுவிப்பதில்லை, தம்மையும் விடுவிப்பதில்லை. அவர் நோயுற்றால் வழங்கியும் நோயுறும். மாறாக, இருபது மாணவர் கூடி ஒரு வழங்கியை எடுப்பின் வாடகை ஒரு தேநீர்ச் செலவுக்குள் அடங்கும். காவற்பணி முறைவைத்து நடைபெறும். மூத்தோர் பட்டம் பெற்று வெளியேற, இளையோர் பொறுப்பேற்பர். ஊர்க் குளத்தைக் கூடிநின்று தூர்வாரிய சமூகத்துக்கு இம்முறை புதியதன்று.

மின்னஞ்சலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கட்டுரை வரைவுகளும் கள ஆய்வுக் குறிப்புகளும் நேர்காணல் ஒலிப்பதிவுகளும் இன்று எவருடைய வட்டிற் கிடக்கின்றன என்பதே உடனடி வினா. மாணவர் அமைப்புகள் அங்கிருந்து தொடங்கட்டும். வயல் குத்தகையாயினும் ஆகுக. விதைநெல் உழவனின் வீட்டில் இருத்தல் வேண்டும்.