குழந்தைக்குத் துணை நிற்போரின் கைகளை வலுப்படுத்துவோம்!

சம்பளப் பாக்கி வழக்கென்றால் நமக்குச் சங்கம் இருக்கிறது. முதலாளிக்கு வக்கீல் இருக்கிறார். குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் சட்டம் வக்கீல் தருகிறது, தரத்தான் வேண்டும். ஆனால் எட்டு வயதுக் குழந்தை, தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்ல நீதிமன்றப் படியேறும்போது அதன் பக்கம் நிற்பவர் யார்?

அரசாங்க வக்கீல் இருக்கிறாரே என்பீர்கள். அவர் குற்றத்தை நிரூபிக்க வந்தவர். குழந்தை இரவில் தூங்குகிறதா, கேட்ட கேள்வி அதற்குப் புரிந்ததா, பள்ளிக்கூடம் போகிறதா, யாராவது மிரட்டுகிறார்களா என்று கவனிக்க அவருக்கு நேரமும் இல்லை. அது அவர் வேலையும் அல்ல. அதற்கென்றே ஒருவர் வேண்டும். பட்டான்செருவில் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தத் தேவை இரட்டிப்பு. நம் குழந்தை வீட்டில் அழுவது தமிழில். காவல் நிலையத்தில் கேட்பது தெலுங்கில். கோர்ட்டுக் காகிதம் வருவதோ பெரும்பாலும் ஆங்கிலத்தில்!

தோழர்களே, தாய்மார்களே! இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டத்தின்படி, குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றிப் புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறை குழந்தை நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் குழு குழந்தைக்கு ஓர் 'ஆதரவு நபரை' நியமிக்கலாம். விசாரணை தொடங்கித் தீர்ப்பு வரை கூடவே இருப்பதும், கோர்ட்டுத் தேதிகளைக் குடும்பத்துக்குச் சொல்வதும், குழந்தையின் தேவையை அதிகாரிகளிடம் எடுத்துச் சொல்வதும் அவர் கடமை. அவரைப் பிடிக்கவில்லையென்றால், காரணம் சொல்லாமலே அவரை விலக்கும்படி குழந்தை கேட்கலாம். குடும்பம் தன் விருப்பப்படி வக்கீல் வைத்துக்கொள்ளலாம். வசதியில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக் குழு இலவசமாக வக்கீல் தர வேண்டும்.

ஆதரவு நபர் என்பது அதிகாரிகள் மனமிரங்கித் தரும் சலுகையல்ல. பச்பன் பச்சாவோ ஆந்தோலன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 18 அன்று இதைத் தெளிவாக்கிவிட்டது. தகுந்த காரணத்தை எழுதிவைத்தாலொழிய, ஆதரவு நபரை நியமித்தே ஆக வேண்டும். அது அரசின் கடமை. பெற்றோருக்கு இதைப் பற்றித் தெரியாது என்று விட்டுவிட முடியாது.

அப்படியானால் குறை எங்கே? ஆள் பலத்தில்! மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, ஆதரவு நபர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், நிபுணர்கள் ஆகியோரின் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு விதி. நம் சங்காரெட்டி மாவட்டப் பதிவேட்டில் தமிழ் தெரிந்தவர் எத்தனை பேர்? இதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்போம்.

கேட்பதோடு நில்லாமல் கொடுக்கவும் செய்வோம். மொழிபெயர்ப்பாளராகப் பெரிய பட்டம் தேவை என்று சட்டம் சொல்லவில்லை. குழந்தையின் மொழியும் மாநிலத்தின் ஆட்சிமொழியும் பழக்கத்தில் இருந்தால் போதும். தாய்மொழியாகவோ, பள்ளியில் படித்தோ, தொழிலாலோ, அந்த மொழி பேசும் ஊரில் குடியிருந்தோ அது வந்திருக்கலாம். இங்கேயே பிறந்து, தெலுங்குப் பள்ளியில் படித்து, வீட்டில் தமிழ் பேசும் நம் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்கள் அந்தப் பதிவேட்டில் பெயர் கொடுக்க முன்வரட்டும்.

இது ஓசி வேலையும் அல்ல. மொழிபெயர்ப்பாளருக்கும் ஆதரவு நபருக்கும் தரும் ஊதியம், குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி தேர்ச்சி பெற்ற தொழிலாளிக்குரிய கூலிக்குக் குறையக்கூடாது என்று அதே விதிகள் சொல்கின்றன. கூலி என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். உழைப்புக்கேற்ற கூலியை உரிய நாளில் கொடுக்காவிட்டால் நல்ல ஆள் நிலைக்க மாட்டார். பாதி வழக்கில் ஆள் மாறினால் குழந்தை மறுபடி முதலிலிருந்து அழ வேண்டும். ஆகவே அவர்களுடைய ஊதியத்துக்காகக் குரல் கொடுப்பது நம் குழந்தைக்காகக் குரல் கொடுப்பதே.

சாதாரண மக்களால் இது ஆகுமா என்று ஐயப்படுவோருக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டேவிட் சூக்கப் என்ற நீதிபதி, குழந்தையின் நலனைத் தன்னிடம் எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் தவித்தார். 1977-ல் ஊர்ப் பொதுமக்களுக்கே பயிற்சி கொடுத்துக் குழந்தைகளுக்காகப் பேசவைத்தார். அந்த ஏற்பாடு பிறகு அந்த நாடெங்கும் பரவியது. 1989-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையும், தன்னைப் பற்றிய வழக்கில் குழந்தை நேராகவோ பிரதிநிதி மூலமாகவோ பேசலாம் என்கிறது. இந்தியா 1992-ல் அதை ஏற்றது.

இனி நமக்குள் பேச வேண்டியதையும் பேசிவிடுவோம். இம்மாதிரி நேரத்தில் லைன் வீடுகளில் எழும் முதல் குரல், "மானம் போய்விடும், தாயையும் பிள்ளையையும் ஊருக்கு அனுப்பிவிடு" என்பது. அடுத்த குரல் மேஸ்திரியின் சமரசப் பேச்சு. மூன்றாவது, "அவனும் நம்ம ஊர்க்காரன்தானே" என்பது. மூன்றும் குற்றவாளிக்கே உதவும். சாட்சி ஊருக்குப் போனால் வழக்கு படுத்துவிடும். ஊர்க்காரன் என்பதற்காகக் குழந்தையைக் கைவிடுவது ஒற்றுமையல்ல; துரோகம்!

ஆதரவு நபரும் வக்கீலும் வீடு தேடி வந்தால் கதவைத் திறவுங்கள். ஆனால் துணை நிற்பது வேறு, தலையிடுவது வேறு. குழந்தை என்ன சொன்னது என்று அவர்களைத் துருவாதீர்கள். அவர்கள் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள். குழந்தையின் பெயரைத் தெருவில் பேசாதீர்கள். குற்றம் சாட்டப்பட்டவனின் உறவினர் எவரும் மொழிபெயர்க்க முன்வந்தால் ஏற்காதீர்கள்.

சங்கத்தின் முன் நாம் மூன்று கடமைகளை வைக்கிறோம். பதிவேட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களைச் சேர்க்கும்படி மாவட்ட நிர்வாகத்திடம் மனு கொடுக்க வேண்டும். ஷிப்டை விட்டுச் சங்காரெட்டி கோர்ட்டுக்குப் போகும் தாய்க்கு அன்றைய கூலியும் பஸ் செலவும் தர ஒரு நிதி வேண்டும். குழந்தைகள் உதவிக்கான 1098, இலவசச் சட்ட உதவிக்கான 15100 ஆகிய எண்களை ஒவ்வொரு லைன் வீட்டுச் சுவரிலும் எழுத வேண்டும்.

நம் கைகளால் ஆலைகள் ஓடுகின்றன. அதே கைகள் ஒரு குழந்தையின் பின்னால் அரணாக நிற்கட்டும். குழந்தைக்காகப் பேச வருபவர் இந்த ஊரில் தனியாள் அல்ல என்று காட்டுவோம்!